பூங்கொடிக்குத் தெரியாத கடவுச்சொற்கள்

செய்தி வந்தபோது நான் அஸ்தம்பட்டி ரவுண்டானாவுக்குச் சற்று முன்னால் வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். ஓரமாக ஒரு மருந்துக் கடை வாசலில் நிறுத்திவிட்டுக் கைப்பேசியை எடுத்தேன். பூங்கொடியின் கணவர் சண்முகம் பேசினார். "சாந்திக்கா, விடியக்காலம் ஆறு மணிக்குப் போயிட்டாளுங்க. தூக்கத்துலயேதான்." வலி இருந்ததா என்று கேட்டேன். "இல்லீங்க. நேத்துச் சாயந்தரத்துல இருந்தே வலி இல்லீங்க" என்றார்.

அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல; ஒரு நிம்மதி. இதை எழுத எனக்குக் கூச்சம் இல்லை. கடந்த ஐந்து மாதங்களில் அவரை அருகிலிருந்து பார்த்த யாருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கணையத்தில் வந்த புற்றுநோய் அவரைப் படுத்திய பாடு போதும் என்றே எல்லோரும் வேண்டிக்கொண்டிருந்தோம். என் நிம்மதிக்கு இன்னொரு காரணமும் இருந்தது. பூங்கொடியிடம் நான் சொல்ல வேண்டியிருந்த ஒன்றைப் பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லி முடித்துவிட்டேன். சொல்லாமலேயே இந்த அழைப்பை எடுத்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று நினைத்துப் பார்த்தேன்.

நம் மருத்துவமனையில் பூங்கொடியை அறியாதவர்கள் குறைவு. ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். பதினேழு ஆண்டுகள் நம் கணினிகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். பிறந்து வளர்ந்தது மேட்டூரில், கம்பெனிக் குடியிருப்பில். திருமணத்துக்குப் பின் கொண்டப்பநாயக்கன்பட்டி. தினமும் காலையில் ஏற்காடு சாலையில் ஸ்கூட்டரில் வந்து, மாடிப்படிக்குக் கீழே உள்ள சின்ன அறைக்குள் போய்விடுவார். நோயாளிகளின் பதிவேடுகள் அனைத்தையும் வைத்திருக்கும் சர்வர் அந்த அறையில்தான் இருக்கிறது. மருத்துவமனையிலேயே நன்றாகக் குளிரும் அறையும் அதுதான். சித்திரை மாதத்தில் நம்மில் பாதிப் பேருக்குக் கணினியில் ஏதாவது கோளாறு வந்துவிடும். பூங்கொடி சிரித்துக்கொண்டே உட்கார இடம் தருவார்.

நான் பதிவேட்டுப் பிரிவில் சேர்ந்த இரண்டாவது வாரமே என் கடவுச்சொல்லை மறந்துவிட்டேன். அவரிடம் போய், என் கடவுச்சொல் என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். "எனக்குத் தெரியாதுங்க்கா" என்றார். கணினியில் பார்க்கலாமே என்றேன். "அதுக்கும் தெரியாதுங்க்கா" என்றார். என்னைவிட நான்கு வயது சின்னவர். திமிர் பிடித்தவள் என்று மனத்துக்குள் திட்டிக்கொண்டேன். அவர் புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லி விசைப்பலகையை என் பக்கம் திருப்பினார். நான் தட்டி முடிக்கும் வரை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். பதினேழு ஆண்டுகளில் யார் கடவுச்சொல் தட்டினாலும் அவர் அப்படித்தான் நின்றார். உங்களில் பலருக்கு அந்த முதுகு நினைவிருக்கும்.

கணினிக்கே தெரியாது என்றால் நான் சரியாகத் தட்டினேனா என்று அது எப்படிக் கண்டுபிடிக்கிறது? இந்தக் கேள்வியை ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். நம் பக்கத்து ஆளுக்குப் புரியும்படி அவர் சொன்ன பதில் இது. "மரவள்ளிக் கிழங்க மில்லுல குடுத்தா ஜவ்வரிசியா வருதில்லீங்களா, அந்த ஜவ்வரிசியத் திருப்பிக் கிழங்காக்க முடியுங்களா? இதும் அப்படித்தான். நீங்க குடுக்கற பாஸ்வேர்ட அரைச்சு, அரைச்சு வந்தத மட்டும் வச்சுக்கும். கிழங்கத் தூக்கிப் போட்டுரும். மறுநா நீங்க வந்து தட்டுனா மறுபடியும் அரைச்சுப் பார்க்கும். ரெண்டும் ஒண்ணா இருந்தா உள்ள விடும்." அரைப்பதற்கு முன் ஒவ்வொருவருக்கும் வேறு வேறாக எதையோ ஒரு சிட்டிகை சேர்க்குமாம், அதற்கு அவர்கள் தொழிலில் உப்பு என்றே பெயராம். அதனால் இரண்டு பேர் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தாலும் அரைத்து வருவது ஒன்றுபோல் இருக்காது. அந்தக் காலத்தில் அரைத்ததை எல்லோரும் படிக்கக்கூடிய கோப்பிலேயே வைத்திருந்தார்கள் என்றும், ஆயிரக்கணக்கான சொற்களை அரைத்து அரைத்து ஒப்பிட்டுப் பார்த்துச் சிலர் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றும், பிறகுதான் அதைத் தனியாக எடுத்து ஒளித்து வைத்தார்கள் என்றும் சொன்னார். ஒளித்த கோப்புக்கு நிழல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்றபோது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். தன் தொழிலை அவ்வளவு ரசித்தவர்.

ஆயுத பூஜை வந்தால் நமக்குப் பொரி, சுண்டல், அவருக்கு வேட்டை. எல்லா மேசைகளிலும் கணினியைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கும் சாக்கில், ஒவ்வொரு விசைப்பலகையாகத் தலைகீழாகத் திருப்புவார். அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல் சீட்டுகள் எல்லாம் மாட்டும். படிக்க மாட்டார். அப்படியே உரித்து, கையில் வைத்திருக்கும் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிடுவார். மறுநாள் காலையில் அந்த மேசைக்காரர்கள் எல்லோரையும் கணினி புதுக் கடவுச்சொல் கேட்கும். ஓராண்டு பெரிய டாக்டரின் மேசையிலும் ஒரு சீட்டு மாட்டியது. டாக்டர் அசடு வழிந்தார். "பரவால்லீங்க சார், சாமி கும்பிடற நாளு" என்று அதையும் வாளிக்குள் போட்டார் பூங்கொடி.

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல.

நம் கணினியில் ஆளுக்கு ஒரு பெயர் இருப்பதுபோல் பிரிவுக்கும் ஒரு பெயர் உண்டு. குழு என்பார்கள். பதிவேட்டுக் குழுவில் பெயர் உள்ளவர்கள் மட்டுமே நோயாளிகளின் பழைய கோப்புகளைத் திறக்க முடியும். குழுவுக்கென்று பொதுவாக ஒரு கடவுச்சொல்லும் வைக்கலாம். அதை அறிந்த வெளியாள் அந்த நேரத்துக்கு மட்டும் குழுவுக்குள் நுழையலாம். ஆள் பற்றாக்குறையான நாட்களில் வேலை நிற்கிறது, அப்படி ஒன்றை வையுங்கள் என்று நான்தான் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பூங்கொடி மறுத்துவிட்டார். "நாலு பேருக்குத் தெரிஞ்ச பாஸ்வேர்டு யாரோடதும் இல்லீங்க்கா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாலு பேரும் நானில்லம்பாங்க. யாரு வேணுமோ அவங்க பேரச் சொல்லுங்க, அஞ்சு நிமிசத்துல சேர்த்துடறேன்." குழுவின் கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில், எந்தச் சொல்லும் பொருந்தாதபடி ஓர் ஆச்சரியக்குறியைப் போட்டு மூடிவிட்டார். எனக்குக் கோபம். அவர் சொன்னபடி ஒரு பெயரை எழுதி அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும். வீம்புக்காக அனுப்பவில்லை.

ஒரு மாதம் கழித்து, திருச்செங்கோட்டில் அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. விடுமுறை போட்டுப் போயிருந்தேன். பந்தியில் உட்காரும் நேரத்தில் நம் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. பக்கத்துப் பிரிவில் வேலை பார்த்த ஒருவர். அவர் பெயர் இங்கே வேண்டாம். ஒரு நோயாளியின் பழைய கோப்பு அவசரமாக வேண்டும், உங்கள் கடவுச்சொல்லைச் சொல்லுங்கள் என்றார். மேளச் சத்தத்துக்கு நடுவே ஒவ்வோர் எழுத்தாகக் கத்திச் சொன்னேன். அப்புறம் இலையில் கவனம் போய்விட்டது.

பத்து நாள் கழித்து ஒரு பெண்ணின் தந்தை மருத்துவமனைக்கு வந்தார். ஓமலூர் பக்கம் ஒரு கிராமம். மகளுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. அந்தப் பெண்ணுக்குச் சிறுவயதில் வலிப்பு வந்து இங்கே மருத்துவம் பார்த்திருக்கிறார்கள். பத்து வயதோடு முற்றிலும் நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் இப்போது அந்தக் கோப்பில் உள்ள மருந்துப் பெயர்கள் வரைக்கும் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்திவிட்டார்கள். அவர் சத்தம் போடவில்லை. "எங்கூட்டுச் சேதி உங்ககிட்ட இருந்து எப்படிங்க வெளிய போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

கணினியில் பார்த்தபோது அந்தக் கோப்பு அண்மையில் ஒரே ஒரு முறைதான் திறக்கப்பட்டிருந்தது. என் பெயரில். காதுகுத்து அன்று, முற்பகல் பதினொன்றே காலுக்கு.

பெரிய டாக்டரின் அறையில் விசாரணை நடந்தது. டாக்டர், நிர்வாக மேலாளர், நான், பூங்கொடி. என்னிடம் கேட்டார்கள். அன்று விடுமுறையில் இருந்தேன், என் கடவுச்சொல் யாருக்கும் தெரியாது என்று சொன்னேன். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைச் சொல்லும்போது என் கைகள் மேசைக்குக் கீழே இருந்தன. உடனே மேலாளர் பூங்கொடி பக்கம் திரும்பினார். எல்லாருடைய கடவுச்சொல்லும் உங்களிடம்தானே இருக்கிறது என்றார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய நொடி அது. திறக்கவில்லை.

பூங்கொடி எழுந்து டாக்டரின் கணினி முன் உட்கார்ந்தார். என் பெயரைக் கொடுத்து, இந்த ஆளைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்று கணினியைக் கேட்டார். அது ஒரே ஒரு வரியைத் திருப்பித் தந்தது. என் பெயர், என் எண், என் குழுவின் எண், என் கோப்புகள் இருக்கும் இடம். கடவுச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் எக்ஸ் என்று ஓர் எழுத்து மட்டும் இருந்தது. சாந்தியின் கடவுச்சொல் எக்ஸா என்று மேலாளர் கேட்டார். "இல்லீங்க. இங்க இல்லைன்னு அர்த்தம்" என்றார் பூங்கொடி. டாக்டரின் பெயரைக் கொடுத்தார்; அதிலும் எக்ஸ். தன் பெயரைக் கொடுத்தார்; அதிலும் எக்ஸ். பிறகு தன் கடவுச்சொல்லைத் தட்டி, அவருக்கு மட்டும் திறக்கும் நிழல் கோப்பைத் திறந்தார். எங்கள் பெயர்களுக்கு எதிரே அர்த்தமில்லாத எழுத்துகளின் நீண்ட வரிசைகள். அரைத்து வந்தவை. இதிலிருந்து உங்கள் யாருடைய சொல்லையும் என்னால் எடுக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் மேல் இருந்த பழி அப்போதே பாதி இறங்கியிருந்தது. ஆனால் அவர் தொடர்ந்து பேசினார். "இன்னொண்ணும் சொல்லோணுங்க சார். பாஸ்வேர்டு தெரியாமயே, நான் நினைச்சா சாந்திக்காவா மாறி அந்தக் கோப்பத் திறக்கலாம். இந்த வேலையில இருக்கறவங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு. அதச் சொல்லாம விட்டா நான் பாதிதான் சொன்னதா ஆகும்." மேலாளரின் புருவம் உயர்ந்தது. கேட்காமலே தனக்கு எதிராக ஒன்றை எடுத்து வைத்த ஆளை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அதன் பிறகுதான் அவர் மற்றதைச் சொன்னார். அப்படி அவர் மாறும் ஒவ்வொரு முறையும் டாக்டர் அறையில் இருக்கும் இன்னொரு சின்னக் கணினியில் ஒரு வரி பதிவாகும். அதன் கடவுச்சொல் டாக்டருக்கு மட்டுமே தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டிலேயே தன்னைக் கண்காணிக்கத் தானே செய்துவைத்த ஏற்பாடு அது. டாக்டர் அதை மறந்தே போயிருந்தார். திறந்து பார்த்தார். அந்த நாளில் அப்படி ஒரு வரியும் இல்லை. "அப்படின்னா யாரோ ஒருத்தர் சரியான பாஸ்வேர்டையே தட்டியிருக்காங்க. தட்டுன கை யாரோடதுன்னு மிசினுக்குத் தெரியாதுங்க" என்றார் பூங்கொடி. என் பக்கம் அவர் பார்க்கவே இல்லை.

மேலாளருக்கு முழுத் திருப்தி இல்லை. முடிவு தெரியும் வரை பூங்கொடி விடுப்பில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு, வாரேனுங்க என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுப் போனார். அதே குளிர்ந்த அறைக்கு வெளியாள் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடவுச்சொல்லைக் கேட்டவரைத் தனியே பிடித்துக் கேட்டேன். நான் எதையும் பார்க்கவில்லை என்று சாதித்தார். அவரை நான் எந்த வாயால் திட்டுவது? நானும் பொய்தான் சொல்லியிருந்தேன்.

மூன்றாம் நாள் மாலை கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு வண்டியை விட்டேன். பூங்கொடி வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். "வாங்க்கா, உள்ளாற வாங்க" என்றார். உள்ளே போகவில்லை. நின்றபடியே சொன்னேன். காதுகுத்து, தொலைபேசி, நான் கத்திச் சொன்ன எழுத்துகள், டாக்டர் அறையில் சொன்ன பொய், எல்லாம். அவர் மடித்த துணியைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியுங்க்கா" என்றார்.

எப்படி என்று கேட்டேன். அன்று பதினொன்றே காலுக்கு என் பெயரில் இரண்டு முறை தவறாகத் தட்டியிருக்கிறார்கள், மூன்றாம் முறை சரியாகத் தட்டியிருக்கிறார்கள் என்று பதிவில் இருந்ததாம். திருட வந்தவன் மூன்றே முறையில் கண்டுபிடிக்க மாட்டான். சொந்தக்காரர் தினமும் தட்டுகிறவர், இரண்டு முறை தவற மாட்டார். போனில் கேட்டு எழுதியவர்தான் அப்படித் தட்டுவார் என்றார். அதை ஏன் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லவில்லை, உன் வேலை போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன்.

"நான் சொல்லியிருந்தா உங்களப் புடிச்சுக் குடுத்ததா ஆயிருக்கும். நீங்களே சொன்னா அது வேறங்க்கா. ஒரு வாரம் பார்க்கலாம்னு இருந்தேன். நீங்க மூணு நாள்லயே வந்துட்டீங்க." பிறகு, "மோர் குடிக்கறீங்களா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை டாக்டரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அதன் பின் அந்த மற்றவரும் ஒப்புக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டாருக்கு அவர் தூரத்து உறவு. அவர் வேலையை விட்டுப் போனார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பதவி உயர்வு தள்ளிப்போனது. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, மூன்று நாளாக மறந்துபோயிருந்த பசி வந்தது. கேன்டீனில் இட்லி இல்லை என்றார்கள். இருந்ததைச் சாப்பிட்டேன். பூங்கொடி அன்று மதியமே வேலைக்குத் திரும்பினார். மேலாளர் படிக்கட்டு வரை வந்து அவரை அழைத்துப் போனதை நான் பார்த்தேன்.

அந்தப் பெண்ணின் வீட்டுக்கு டாக்டரும் நானும் மன்னிப்புக் கேட்கப் போனோம். பூங்கொடியும் வந்தார், அவர் வர வேண்டிய அவசியமே இல்லை. பெண்ணின் தந்தை நாற்காலி போட்டார். பெண் கதவருகே நின்று நாங்கள் பேசியதையெல்லாம் கேட்டாள். கடைசியில் சொன்னாள்: "வலிப்பு வந்தத நான் அவருகிட்டச் சொல்லத்தான் இருந்தேனுங்க. என் வாயால சொல்லியிருப்பேன்." பூங்கொடிதான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆமா சாமி. அது உன்ற சேதி. நாங்க காப்பாத்தியிருக்கோணும்" என்றார். இரண்டு வாரம் கழித்து அந்த மாப்பிள்ளைப் பையன் தன் வீட்டார் இல்லாமல், பெண்ணோடு மருத்துவமனைக்கு வந்தான். பெண்ணின் சம்மதத்தோடு டாக்டர் எல்லாவற்றையும் விளக்கினார். தையில் நடக்க இருந்த கல்யாணம் வைகாசியில் நடந்தது. மூவரும் போயிருந்தோம். பந்தியில் என் கைப்பேசி ஒலித்தபோது பூங்கொடி என்னைப் பார்த்த பார்வையில் நான் அதை எடுக்காமலே அணைத்தேன். இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து இலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நோய் தெரிந்தது போன ஆண்டுக் கடைசியில். டாக்டர் அவரிடம் எதையும் மறைக்கவில்லை. அடுத்த வாரமே பூங்கொடி தன் வேலையை எழுதிவைக்க ஆரம்பித்தார். எந்தக் கம்பி எங்கே போகிறது, எது பழுதானால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு நோட்டுகள். ஆத்தூரிலிருந்து ரம்யா புதிதாக வேலைக்கு வந்தார். சர்வருக்கு எல்லாவற்றுக்கும் மேலான ஒரு கடவுச்சொல் உண்டு. தகவல்களைச் சேமிக்கும் வட்டு பழுதாகிச் சர்வர் எழுந்திருக்க மறுத்தால் அந்தச் சொல்லைக் கேட்கும். பூங்கொடி புதிதாக ஒன்றை வைத்து, அதை இரண்டு பாதியாக இரண்டு உறைகளில் எழுதி ஒட்டினார். ஒன்றை டாக்டரிடம் கொடுத்தார். மற்றதை என்னிடம் கொண்டுவந்தார்.

நான் வாங்கவில்லை. இந்த ஊரிலேயே கடவுச்சொல்லைக் கூட்டத்தில் கத்திச் சொன்னவள் நான், என்னிடமா கொடுக்கிறாய் என்றேன்.

"ஒருக்காச் சொல்லிப்போட்டு அதுக்கு அழுதவங்க நீங்கதானுங்க்கா. மத்தவங்களுக்கு அந்த அனுபவம் இல்லை" என்றார். உறையை என் மேசை மேல் வைத்துவிட்டுப் படியைப் பிடித்துப் பிடித்து இறங்கிப் போனார். அப்போதே நடப்பது சிரமமாகிவிட்டது.

கடைசியாக அவரைப் பார்த்தது இறப்பதற்கு நான்கு நாள் முன்பு. கட்டிலோடு கிடந்தார். ரம்யா எப்படி வேலை பார்க்கிறாள் என்று என்னிடம் கேட்டார். நன்றாகப் பார்க்கிறாள், யாராவது கடவுச்சொல் தட்டினால் அவளும் சுவரைப் பார்த்து நிற்கிறாள் என்றேன். "நான் சொல்லித் தரலைங்க்கா" என்றார். அதில் அவருக்கு அவ்வளவு திருப்தி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "எங்கிட்ட இப்ப யாரோட ரகசியமும் இல்லீங்க்கா. லேசா இருக்குது" என்றார். சண்முகம் தலையணையைச் சரிசெய்தார். நான் கிளம்பினேன்.

அவர் போன ஒன்பதாம் நாள் காலை மின்சாரம் வந்து வந்து போனது. சர்வரின் வட்டுகளில் ஒன்று கெட்டுப்போய் அது பாதியில் நின்றது. வெளிநோயாளிகள் வரிசை வாசல் வரை. பதிவேடு எதுவும் திறக்கவில்லை. ரம்யா ஓடி வந்து, "மேடம், எல்லாத்துக்கும் மேல இருக்கிற பாஸ்வேர்டைக் கேக்குது" என்றார். டாக்டர் தன் உறையோடு வந்தார். நான் என் உறையோடு போனேன். டாக்டர் தன் பாதியைத் தட்டியபோது நான் சுவரைப் பார்த்து நின்றேன். நான் என் பாதியைத் தட்டியபோது அவர் நின்றார். ரம்யா எங்கள் இருவருக்கும் பின்னால் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கடைசி விசையை அழுத்தினேன். இரண்டு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. இருபது நிமிடத்தில் ரம்யா நோட்டைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் எழுப்பிவிட்டார். வாசலில் முதல் நோயாளியின் பெயரைக் கூப்பிடும் சத்தம் கேட்டபோது டாக்டர் நாற்காலியில் சாய்ந்து, வாய்விட்டுப் பெருமூச்சு விட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அதுவும் துக்கத்தில் வந்ததல்ல.

அன்று மாலை ரம்யா இன்னொன்றையும் கேட்டார். பூங்கொடியின் பெயரைக் கணினியிலிருந்து நீக்கிவிடவா, பூட்டி மட்டும் வைக்கவா என்று. என்ன வித்தியாசம் என்றேன். நீக்கிவிட்டால் அவர் பதினேழு ஆண்டுகளில் உருவாக்கிய கோப்புகளுக்கு எதிரே வெறும் எண் நிற்கும். பூட்டினால் யாரும் அந்தப் பெயரில் நுழைய முடியாது, ஆனால் கோப்புகளில் பெயர் இருக்கும் என்றார். பூட்டிவிடச் சொன்னேன். ஒரு குறியைப் போட்டார், வேலை முடிந்தது.

பூங்கொடி எழுதிவைத்திருந்தபடி மேலான கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிட்டோம். டாக்டர் தன் சீட்டைக் கிழித்துப்போட்டார். நானும் கிழித்தேன். ஆனால் தட்டும்போது படித்த என் பாதி மனத்தில் நின்றுவிட்டது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று சாதாரணத் தமிழ்ச் சொற்கள். அவற்றால் இனி எந்தக் கணினியும் திறக்காது. யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. பூங்கொடியிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது அந்த மூன்று சொற்கள்தான். சண்முகம் கேட்டார், சொல்லவில்லை. இதைப் படிக்கும் உங்களுக்கும் சொல்லப்போவதில்லை.